அமைச்சர் ‘ஆவன செய்யப்படும்’ என்றார், சாலை இன்னும் வரவில்லை

இந்தக் கடிதம் வக்கீலாகிய எனக்கு நீலகிரியிலிருந்து வந்தது. எழுதியவர் 38 வயதுப் பெண். முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார், ஊர் மகளிர் குழுவுக்குச் செயலாளர், படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால் கடிதத்தில் தேதி, தூரம், வீட்டுக் கணக்கு எல்லாம் சர்வேயர் எழுதியது போலத் துல்லியமாக இருக்கிறது. ஊர்ப் பெயரையும் தொகுதிப் பெயரையும் நான்தான் எடுத்துவிட்டேன். உதகமண்டலம், கூடலூர், குன்னூர் என்று மூன்றே தொகுதி இருக்கிற மாவட்டத்தில் இன்னும் இரண்டு விவரம் சேர்த்தால் ஆள் யாரென்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

விஷயம் இது. தார்ச்சாலையிலிருந்து அவர் ஊருக்கு 5 கிலோமீட்டர். அதில் 1.8 கிலோமீட்டர் காப்புக்காட்டுக்குள் போகும் மண்பாதை, மழை பிடித்துவிட்டால் ஜீப்கூட ஏறாது. மொத்தம் 60 வீடு, பாதிக்கு மேல் இருளர் குடும்பங்கள், மீதி சிறு தேயிலை விவசாயிகள். போன வருடம் பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை டோலி கட்டித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள் (தாயும் பிள்ளையும் நலம்). தொகுதி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. அவர் இரண்டு வருடம் முன்பு சட்டமன்றத்தில் இந்தச் சாலையைப் பற்றிக் கேட்டார். அமைச்சர் எழுந்து, “வனத்துறையின் அனுமதி பெறப்பட்டவுடன் ஆவன செய்யப்படும்” என்றார். அந்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது, அன்று ராத்திரி பட்டாசுகூட வெடித்தார்களாம். அதற்கப்புறம் ஒரு லோடு ஜல்லிகூட வரவில்லை.

கடைசியில் அவர் கேட்பவை: சபையில் சொன்ன வாக்கைக் காப்பாற்றாத அமைச்சர் மேல் வழக்குப் போடலாமா? எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வை நம்பி இனிப் பயன் உண்டா, அவருக்கு நிதி வருகிறதே, அதிலிருந்து ஏன் போடவில்லை? 20 பெண்கள் வேன் பிடித்து சென்னைக்குப் போய், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, அமைச்சர் பேசும்போது பதாகையைத் தூக்கிக் காட்டினால் என்ன? ஏழு கோரிக்கை எழுதி 412 கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம், அதை யாருக்கு அனுப்புவது?

சகோதரி, பதில் கொஞ்சம் நீளம். சாயங்காலம் இலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

முடிச்சு பதிலுக்குள்ளேயே இருக்கிறது

அமைச்சர் சொன்ன வரியை நீங்கள் எல்லாரும் பின்னாலிருந்து படித்திருக்கிறீர்கள். ‘ஆவன செய்யப்படும்’ என்பதுதான் காதில் விழுந்திருக்கிறது. முன்னால் இருக்கிற ‘வனத்துறையின் அனுமதி பெறப்பட்டவுடன்’ என்பதைப் பட்டாசுச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. அமைச்சர் அன்று உங்களுக்குச் சாலை கொடுக்கவில்லை, ஃபைல் எங்கே நிற்கிறது என்பதைச் சொன்னார். அது சின்ன விஷயம் இல்லை. கலெக்டர் ஆபீசுக்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கும் நூறு நடை நடந்தாலும் வாங்க முடியாத தகவல் அது, அரசின் வாயாலேயே வந்திருக்கிறது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வனத்துறையிடம் அந்த அனுமதியை யாராவது கேட்டார்களா? இந்த மாதிரி ஃபைல்களில் நான் பல தடவை பார்த்திருக்கிறேன், சாலை போட வேண்டிய துறை ‘வனத்துறை தரவில்லை’ என்று சொல்லும், வனத்துறை ‘எங்களுக்குக் கருத்துருவே (அனுமதி கேட்கிற முன்மொழிவு) வரவில்லை’ என்று சொல்லும், இரண்டுமே பொய் இருக்காது. நடுவில் காகிதம் ஒன்று எழுதப்படாமலே கிடக்கும்.

காட்டு நிலம் என்றாலே டெல்லி வரை போக வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது எப்போதும் சரியல்ல. 2006-ம் வருட வன உரிமைச் சட்டத்தில் 3-ம் பிரிவின் 2-ம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என்று 13 வகையான அரசு வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். இது பெரும்பாலும் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிகிற வேலை, அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1.8 கிலோமீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்று வைத்தால் 7,200 சதுர மீட்டர், அதாவது 0.72 ஹெக்டேர். வரம்புக்குள் வருகிறது. அந்த அளவுக்கு 54 மரம் வரை போகலாம், ஏற்கெனவே நடந்து தேய்ந்த மண்பாதை என்பதால் அவ்வளவு மரம்கூட வராது என்று நினைக்கிறேன். ஆனால் யாராவது ஆர்வத்தில் ‘6 மீட்டர் அகலமாகப் போட்டால் பஸ் வருமே’ என்று திட்டத்தை மாற்றினால் 1.08 ஹெக்டேர் ஆகிவிடும். அந்த நிமிடமே இந்த வழி அடைபட்டு, நீங்கள் பயப்படுகிற நீண்ட வழிக்கு ஃபைல் போய்விடும். அதனால் அகலத்தைப் பற்றி ஊரில் முதலிலேயே ஒரு முடிவுக்கு வாருங்கள். பஸ் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம், ஆம்புலன்ஸ் முதலில் வரட்டும்.

இந்தக் கிராம சபை, ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் ஊராட்சி கூட்டுகிற கூட்டம் அல்ல என்பதையும் கவனியுங்கள். வன உரிமைச் சட்டப்படி உங்கள் ஊரின் வயது வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்த சபை அது. பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். மகளிர் குழு நடத்துகிறவருக்கு இதை எப்படிச் சேர்ப்பது என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஊராட்சியின் கிராம சபையிலும் தனியாக ஒரு தீர்மானம் போடுங்கள். அது பின்னால் பணம் கேட்கும்போது உதவும்.

பணம் பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டில் தொன்மையான பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவும் நீலகிரியில் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கானது, அதில் சாலை இணைப்பும் உண்டு. உங்கள் ஊர் அந்தக் கணக்கெடுப்பில் ஏறியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

எம்.எல்.ஏ.வால் ஆவதும் ஆகாததும்

தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். அது அவர் பையில் இருக்கிற பணம் இல்லை, அவர் வேலையைப் பரிந்துரைப்பார், கலெக்டர் பக்கம் நிர்வாக அனுமதி கொடுப்பார்கள். காட்டு நிலத்துக்கு அனுமதி இல்லாமல் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்த 1.8 கிலோமீட்டரில் செலவழிக்க முடியாது. ஆகவே ‘நிதி இருக்கிறதே, ஏன் போடவில்லை’ என்கிற கோபம் இந்த இடத்தில் அவர் மேல் போகக்கூடாது. மீதி 3.2 கிலோமீட்டரைப் பற்றிக் கேளுங்கள், அது நியாயம்.

எதிர்க்கட்சி என்பதால் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நேரத்தைப் பொறுத்தவரை நான் நேர்மாறாகச் சொல்வேன். ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அமைச்சரைச் சபையில் நெருக்கிக் கேட்க யோசிப்பார், எதிர்க்கட்சிக்காரருக்கு அதுதான் பிழைப்பே. நட்சத்திரக் குறி போட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக்கேள்வி கேட்கலாம். குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டாவது வகை. டிவியில் வராது, யாரும் கை தட்ட மாட்டார்கள், ஆனால் ‘கருத்துரு எந்தத் தேதியில் எந்த அலுவலகத்திலிருந்து எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று கேட்டால் தேதியோடு பதில் எழுதியாக வேண்டும்.

இன்னொன்று, எந்த உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். 234 பேரில் நீலகிரிக்கு 3 பேர்தான், ஆனால் கேள்வி கேட்கும் உரிமை தொகுதி எல்லையோடு நின்றுவிடாது. பழங்குடியினர் விஷயங்களில் ஆர்வம் காட்டுகிற உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் சிலராவது இருப்பார்கள். உங்கள் எம்.எல்.ஏ.வின் மனம் கோணாமல், அவரிடம் சொல்லிவிட்டு இன்னொருவருக்கும் எழுதுவதில் தப்பில்லை.

நேரம் பார்த்துப் போக வேண்டும், இதை ஊரில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சட்டமன்றம் தினமும் கூடுகிற இடம் அல்ல. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 174-வது பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான் கட்டாயம். பட்ஜெட் முடிந்தபின், ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கிற மானியக் கோரிக்கை விவாதம் துறை துறையாக நடக்கும். ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் போடுவார்கள், அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும், தமிழிலும் இருக்கும். அந்த விவாதத்தின்போது ஒரு உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் (துறை கேட்கிற தொகையைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொடுத்து உங்கள் சாலையைப் பெயர் சொல்லிப் பேச முடியும். எம்.எல்.ஏ. தொகுதியில் இருக்கும்போது கல்யாண வீட்டில் பிடித்து மனு கொடுப்பதைவிட, அந்த விவாதத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரே பக்கத்தில் விவரம் எழுதி அவர் உதவியாளர் கையில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் எந்தத் துறை? இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். சாலை என்றதும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம் கேட்டுவிட்டால், ‘இச்சாலை நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், அது உண்மையான பதிலும்கூட. ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை, காட்டுக்குள் இருக்கிற துண்டு வனத்துறையின் கணக்கில் இருக்கலாம், பழங்குடியினர் குடியிருப்பு என்பதால் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கும் இதில் இடம் உண்டு. உங்கள் சாலை யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் போய்ப் பார்க்காமல் அடுத்த கேள்வியைத் தயார் செய்யாதீர்கள்.

‘முதல்வர் 110-ல் அறிவிச்சுட்டா முடிஞ்சுது’ என்று ஊர்ப் பெரியவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பேரவை விதி 110-ன் கீழ் படிக்கிற அறிக்கை மீது விவாதம் கிடையாது, அதனால் அது சடாரென்று முடிந்த மாதிரி தெரியும். அதற்கும் பிறகு அரசாணை வர வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். யார் எந்த அறிவிப்பைக் காட்டினாலும் அரசாணை எண்ணைக் கேளுங்கள்.

வாக்குறுதியைத் துரத்த ஒரு குழு இருக்கிறது

அமைச்சர் மேல் வழக்குப் போட முடியாது. சட்டமன்றத்துக்குள் ஒரு உறுப்பினர் பேசியதற்காக அவர் மீது எந்தக் கோர்ட்டிலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று அரசியல் சாசனத்தின் 194-வது பிரிவு சொல்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் பயமில்லாமல் பேசுவதற்கும் அதே பாதுகாப்புதான் துணை, ஆகவே அதைத் திட்டாதீர்கள்.

அதற்குப் பதிலாகச் சபைக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அரசு உறுதிமொழிக் குழு என்று பெயர். அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதிகளைப் பட்டியல் போட்டு, எது நிறைவேறியது, எது நிலுவை, ஏன் தாமதம் என்று துறைகளைக் கேட்பதுதான் அதன் வேலை. இந்தக் குழு மாவட்டங்களுக்கு நேரில் போய் ஆய்வும் செய்யும். (ஊட்டிக்கு வருவதென்றால் எந்தக் குழுவும் மறுப்பதில்லை, குறிப்பாகக் கீழே வெயில் கொளுத்தும்போது. இதை நமக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.)

நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பதில் எந்தத் தேதி, எந்த வினா எண் என்பதை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் வாங்குவது. கேள்வி நேரம் 2022 முதல் நேரடியாக ஒளிபரப்பாகிறது, அதனால்தான் வீடியோ உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் வெட்டி ஒட்டிய 40 வினாடி வீடியோவை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது. அவைக் குறிப்பில் அச்சாகியிருக்கிற வரிதான் ஆதாரம். அதைக் காட்டி எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்: இது நிலுவை உறுதிமொழிப் பட்டியலில் ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால் ஏற்றச் சொல்லி அவர் குழுத் தலைவருக்கு எழுதலாம்.

‘நிதி நிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று சொல்லியிருந்தால் இந்தப் பிடி இவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது. உங்களுக்கு வந்தது ‘ஆவன செய்யப்படும்’. ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை நிறைவேற்றிவிட்டால் அடுத்த அடி அவர்களுடையது.

ஏழு கோரிக்கை வேண்டாம், ஒன்று போதும்

412 கையெழுத்து வாங்கினது சும்மா இல்லை, எத்தனை மேடு ஏறி இறங்கியிருப்பீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த மனு அப்படியே போனால் அமுங்கிவிடும். சாலை, பட்டா, பச்சைத் தேயிலை விலை, முதியோர் பென்ஷன், யானை, செல்போன் டவர், ரேஷன் கடை என்று ஒரே கல்லில் ஏழு மாங்காய்க்குக் குறி வைத்திருக்கிறீர்கள்.

சட்டமன்ற மனுக்கள் குழு ஒரு மாவட்டத்துக்கு வரும் முன் கலெக்டர் வழியாக அறிவிப்பு வரும், பத்திரிகையில் சின்னதாக ஒரு மூலையில் போடுவார்கள். அதில் விதிகள் தெளிவாகவே இருக்கும். மனு தமிழில் இருக்க வேண்டும், தேதியும் கையெழுத்தும் வேண்டும், ஐந்து நகல் வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருப்பது நல்லது. தனிநபர் குறை, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, கடன், அரசு ஊழியர் இடமாற்றம், கோர்ட்டில் இருக்கிற விஷயம் இவற்றை எடுக்க மாட்டார்கள். முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600009. மனு ஏற்கப்பட்டால், குழு மாவட்டத்துக்கு வரும்போது உங்களுக்குத் தகவல் வரும், உங்களை வைத்துக்கொண்டே அதிகாரிகளை விசாரிப்பார்கள். மாவட்ட வன அலுவலரும் பி.டி.ஓ.வும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ‘அனுப்பினோம்’, ‘வரவில்லை’ என்று உங்கள் முன்னால் சொல்ல வேண்டி வரும் என்றால், அதற்கு முந்தின வாரமே பாதி வேலை நடந்துவிடும்.

இப்போது உங்கள் ஏழையும் பிரித்துப் பார்க்கலாம். சாலை மட்டும் மனுக்கள் குழுவுக்கு. பென்ஷனும் ரேஷனும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கோ முதல்வர் உதவி எண் 1100-க்கோ போகட்டும், பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். தேயிலை விலையைச் சட்டமன்றத்தில் எவ்வளவு பேசினாலும் அது தேயிலை வாரியத்தின் கையில், 1953-ம் வருடத் தேயிலைச் சட்டமே நாடாளுமன்றம் போட்டது. அதற்கு எம்.பி.யைப் பிடியுங்கள். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் பாக்கி, எடையில் தகராறு என்றால் மட்டும் மாநில அரசிடம் கேட்கலாம், ஏனென்றால் அந்தத் தொழிற்சாலைகளும் அவற்றின் இணையமான இன்ட்கோசர்வும் மாநிலத்தின் கீழ் வருகின்றன. யானையைத் தனியாக எழுதுங்கள். சாலை கேட்கிற மனுவிலேயே யானைத் தொல்லையையும் எழுதினால், அதையே காரணம் காட்டிச் சாலைக்கு மறுப்பு எழுதுவது வனத்துறைக்குச் சுலபம்.

பட்டா வேறு கதை. கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு வருகிறது. ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்கும் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தைப் பேரவை 1969-ல் நிறைவேற்றியது, 1974-ல்தான் அமலுக்கு வந்தது. அதை ஒட்டிக் கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு வரை போனது. அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டால் ஒரு சட்டத்தைக் கோர்ட் தொடவே முடியாது என்ற நினைப்பு 2007-ல் உடைந்தது அந்த வழக்கில்தான், நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் வரும் நிலத்தில் குடியிருப்பவருக்கு இன்னமும் கரண்ட் கனெக்‌ஷன் போராட்டம்தான். ஒரு மனுவில் ஏழாவது வரியாகச் சேர்த்துத் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

கோர்ட்டுக்கு இப்போதே போகாதீர்கள்

சாலைக்காக ரிட் (அதிகாரிகளுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கும் மனு) போட முடியும். மலைப்பகுதி மக்களுக்குச் சாலை வசதி வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று இமாச்சலப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. நீலகிரிக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்வு. (கொடைக்கானல் வாசகர்கள் மதுரைக்குப் போக வேண்டும்.) அமைச்சர் பேச்சை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க முடியாது, அதிகாரிகள் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று கேட்கலாம்.

ஆனால் வழக்கு எண் விழுந்த அன்றே விஷயம் கோர்ட்டில் இருக்கிறது என்று ஆகிவிடும். மனுக்கள் குழு எடுக்காது, சபையில் கேள்வியையும் அனுமதிக்கத் தயங்குவார்கள், அதிகாரிகளும் ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வக்கீலாகிய நானே வழக்கு வேண்டாம் என்று சொல்கிறேன் பாருங்கள். இதோடு, கிராம சபைத் தீர்மானமும் கருத்துருவும் இல்லாமல் போனால், ‘மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து முடிவெடுக்க’ என்று ஒரு உத்தரவு வரும், மறுபடி இதே படியில் வந்து நிற்பீர்கள்.

வேன், பதாகை, முகநூல்

பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிப் போகலாம், உங்கள் எம்.எல்.ஏ. உதவுவார். ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் பதாகையைத் தூக்கினால், கோஷம் போட்டால், காவலர்கள் வெளியேற்றுவதோடு நிற்காமல் அவை அவமதிப்பு என்று சபையே தண்டிக்க முடியும். அதோடு ஊட்டியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல், 20 பேருக்கு வேன் வாடகை, சாப்பாடு, இரண்டு நாள் கூலி போகிற செலவு வேறு. மறுநாள் பத்திரிகையில் பதாகையைப் பற்றி எழுதுவார்களே தவிர அந்த 1.8 கிலோமீட்டரைப் பற்றி எழுத மாட்டார்கள். அந்தப் பணத்தில் ஊரின் ஒரு வருட ஜெராக்ஸ், தபால் செலவு எல்லாம் முடிந்துவிடும்.

முகநூலில் எழுதப் பயம் என்றீர்கள். ‘எம்.எல்.ஏ. எங்கள் சாலையைக் கவனிக்கவில்லை’ என்று எழுதுவது சபையின் உரிமை மீறல் ஆகாது. 1987-ல் ஒரு அட்டைப்படக் கார்ட்டூனுக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்கும், 2003-ல் ‘தி இந்து’ ஆசிரியர் குழுவினருக்கும் பேரவை சிறைத் தண்டனை விதித்ததைக் கேள்விப்பட்டுத்தான் இந்தப் பயம் வந்திருக்கும். முதலாமவர் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே வெளியே வந்தார், இரண்டாவதை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சபையில் சொல்லாததைச் சொன்னதாகப் போடாதீர்கள். அமைச்சரின் வரியை முழுசாக, நிபந்தனையோடு சேர்த்துப் போடுங்கள். அந்த 40 வினாடி வீடியோவில் முன்பாதி வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டு தகவல் உரிமை மனு. ஒன்று ஒன்றிய அலுவலகத்துக்கு: இந்தச் சாலை எந்தப் பதிவேட்டில், என்ன நீளம், என்ன அகலம் என்று இருக்கிறது, காட்டு நிலத்துக்கு அனுமதி கேட்டு வனத்துறைக்குக் கருத்துரு அனுப்பப்பட்டதா, அனுப்பியிருந்தால் தேதி, கடித எண், நகல். இரண்டாவது மாவட்ட வன அலுவலகத்துக்கு: அப்படிக் கருத்துரு வந்ததா, வந்த தேதி, அதன் மேல் எடுத்த நடவடிக்கை. ‘ஏன் போடவில்லை’ என்று மட்டும் கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் கிடைக்காது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு.

அந்த 30 நாளில் ஊர் சபையைக் கூட்டி அகலத்தை முடிவு செய்யுங்கள். பெண்கள் எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். 412 கையெழுத்துத் தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம், சாலைக்கான புது மனுவில் திரும்ப வாங்கும்போது யார் யாரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே பட்டியல்.

இரண்டு அலுவலகத்திலிருந்தும் பதில் வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சாலை எந்தத் துறையின் கணக்கில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனுக்கள் குழுவுக்கான மனுவின் முதல் வரியை நான் எழுத முடியும்.